காற்றுக்குப் பூட்டுப் போட்டவர்

வீடுகளுக்கு வைஃபை வந்த நாளிலிருந்து உலகத்தில் புதிதாக ஓர் இனம் தோன்றியிருக்கிறது. சாவிக்காரர் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில்தான் இவர்கள் கிடைப்பார்கள். ஒரே கூரையின் கீழ் இரண்டு சாவிக்காரர்கள் அமைந்துவிட்டால் அந்த வீட்டில் யாருக்குமே வைஃபை கிடைக்காது. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறீர்கள். குடிக்கத் தண்ணீர் வந்ததும் "வைஃபை பாஸ்வேர்டு என்ன சார்?" என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். சாதாரண மனிதர் சொல்லிவிடுவார். கொஞ்சம் சோம்பேறி என்றால், ரௌட்டர் பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பார். சாவிக்காரர் இந்த இரண்டையும் செய்ய மாட்டார். "போனைக் குடுங்க" என்பார். வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பார். முதுகை உங்களுக்குக் காட்டியபடி, தோளை லேசாகக் குறுக்கிக்கொண்டு, வங்கியில் பெட்டகம் திறப்பவரின் பொறுப்போடு ஏதோ தட்டுவார். திருப்பிக் கொடுக்கும்போது, "சொன்னா மறந்துடுவீங்க, அதான் நானே போட்டுட்டேன்" என்பார். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கி முடிப்பதற்குள் சாவியை மாற்றியிருப்பார்.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொண்டு பார்த்தால் இனத்தையே புரிந்துகொள்ளலாம். நம்முடையவர் லிப்ட் இன்ஸ்பெக்டர். கட்டடம் கட்டடமாகப் போய், கம்பி வடம் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, லிப்ட் வராத மாடியில் கதவு திறந்துகொள்கிறதா என்று சோதிப்பது அவர் வேலை. எந்தக் கதவும் திறக்கக் கூடாத நேரத்தில் திறந்துகொள்ளும் என்று நம்புவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். குறை இருந்தால் யாரிடமும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். "கதவு சரியாக மூடவில்லை. உடனே சரிசெய்யவும்" என்று ஓர் அட்டையில் எழுதி, லிப்டுக்குள் ஒட்டிவிட்டு, அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவார். அட்டையோடு யார் சண்டை போட முடியும்? இத்தனை வருட உத்தியோகத்தில் அவரை எதிர்த்து ஒருவரும் பேசியதில்லை. இந்தப் பழக்கத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

அவர் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் கைபேசி சிக்னல் மாடிப்படியோடு நின்றுவிடும். வீட்டுக்குள் வராது. மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறாள். துணியின் நிறம், ஜன்னலின் அளவு எல்லாம் போனில்தான் வந்து போகும். மகள் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். ஆகவே வைஃபை வாங்கினார்கள். இணைப்புக் கொடுக்க வந்த ஆள் ரௌட்டர் பெட்டியை ஷெல்ப் மேல் வைத்தான், பச்சை விளக்கு எரிந்தது, இன்ஸ்பெக்டருடைய போன் நம்பரையே பாஸ்வேர்டாகப் போட்டான், ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான். இன்ஸ்பெக்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் நம்பர் ஊரில் பாதிப் பேரிடம் இருக்கிறது. அப்படியென்றால் பாதி ஊர் தன் வீட்டுக்குள் நுழையலாம். அன்றைக்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் சும்மா எழுந்திருக்கவில்லை. ரௌட்டரின் உள்பக்கத்துக்குப் போய் என்கிரிப்ஷன் வகைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பழைய வகை ஒன்று இருந்தது, அதை உடைப்பது சுலபம் என்று போட்டிருந்தது. அதற்குப் பிறகு வந்த வகை இருந்தது, பரவாயில்லை ரகம். எல்லாவற்றிலும் புதிய வகை ஒன்று இருந்தது. அதைத்தான் வைத்தார். வைத்ததும் மனைவியின் போன், அது கொஞ்சம் பழைய போன், எனக்கு இந்தப் பூட்டு புரியவில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. போனை மாற்று என்றார் இன்ஸ்பெக்டர். பூட்டை மாற்றுங்கள் என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். போன்தான் மாறியது. அடுத்ததாக நெட்வொர்க்கின் பெயர். அதற்கு "இங்கே வராதே" என்று பெயர் சூட்டினார். கட்டடத்தில் எல்லார் போனிலும் அது தெரிந்து, லிப்டில் அவரைப் பார்த்து ஆளாளுக்குச் சிரித்ததும், பெயரே யார் கண்ணிலும் படாதபடி மறைத்துவிட்டார். அதற்குப் பிறகு சொந்த வீட்டு வைஃபையில் சேர அவர் மனைவியும் மகளும் முதலில் "இங்கே வராதே" என்று தங்கள் கையாலேயே தட்ட வேண்டியதாயிற்று.

இதெல்லாம் எதற்கு என்று மனைவி ஒரு தடவை கேட்டாள். அப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அவரும் காத்திருந்தார். தையல் மேஜை ஓரமாக நின்று பொறுமையாக விளக்கினார்.

"நீ அனுப்புறது எல்லாம் காத்துல போகுது. காத்துல போறத யார் வேணாப் பிடிக்கலாம். அதனால பெட்டி என்ன பண்ணுது, எல்லாத்தையும் கண்டபடி வெட்டிக் கலைச்சு அனுப்புது. உன் துணி மாதிரின்னு வெச்சுக்க. சாவி இருக்கிறவன் மட்டும்தான் திரும்ப ஒட்டித் தைக்க முடியும்."

"வெட்டின துணியை யாருங்க காத்துல விடுவா?" என்றாள் மனைவி.

"அதுக்குத்தான் என்கிரிப்ஷன்" என்றார் அவர். மனைவி தலையாட்டிவிட்டுத் தையல் மெஷினை மிதித்தாள். விளங்கிவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். இந்த இனத்தார் தலையாட்டலை எப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு பல் டாக்டர் இருந்தார். அவருடைய பாஸ்வேர்டு ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் வரிசையாக எண்கள், அவ்வளவுதான். இது இன்ஸ்பெக்டருக்கு எப்படித் தெரியும் என்றால், டாக்டரே லிப்டுக்குள் நாலு பேர் கேட்க யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் தரைத்தளம் வரும்வரை அவருக்குப் பாடம் எடுத்தார். காற்று, வெட்டுவது, ஒட்டுவது, எல்லாம். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்; மற்றவர்கள் வாய்க்குள் ஆயுதங்களை வைத்து அவர்களைக் கேட்கவைத்தே பழகியவர், அன்றைக்கு மாறுதலுக்குத் தானும் கேட்டார். கடைசியில், "என்கிட்ட திருட என்ன சார் இருக்கு, ஊரார் பல்லோட எக்ஸ்ரேதான் இருக்கு" என்றார். அன்றிலிருந்து இன்ஸ்பெக்டருக்கு டாக்டரிடம் இருந்த மரியாதை போய்விட்டது. பல்லையே ஒழுங்காகப் பார்ப்பாரோ மாட்டாரோ என்று வீட்டில் வந்து சந்தேகப்பட்டார்.

இனி அவருடைய சாவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்துச் சாவிகள் நாய் கீபோர்டு மேல் நடந்ததுபோல் இருக்கும்: டாலர் குறி, ஆச்சரியக்குறி, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் ஒரு நட்சத்திரம். அதை மனைவி ஒரு துண்டுத்தாளில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, ஊரைக் கூட்டிக் காட்டுகிறாயா என்று கிழித்துப் போட்டார். பிறகு எங்கேயோ படித்தார்: சின்னதாகக் குழப்பமாக இருக்கும் சாவியைவிட, நீளமான ஒரு வாக்கியம்தான் பலமாம், உடைப்பதும் கஷ்டம், நினைவில் நிற்பதும் சுலபம். படித்ததும் அவருக்குள் ஏதோ ஒரு விளக்கு எரிந்தது. வாக்கியம் என்றால் எந்த வாக்கியம்? அவர் யோசிக்கவே இல்லை. குளியலறைப் பக்கம் பார்த்தார். "குளிச்சதும் லைட்டை அணைக்கணும்." அதையே ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், சாவியாக வைத்தார்.

அன்று மாலை மனைவியும் மகளும் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். விருந்தாளி என்றால் தானே தட்டிக் கொடுப்பார். குடும்பம் என்றால் அவர்களே தட்ட வேண்டும், கையால் தட்டினால்தான் மனதில் பதியும் என்பது அவர் கொள்கை. பதிந்தது. அந்த வாரம் முழுவதும் குளியலறை விளக்கு ஒழுங்காக அணைக்கப்பட்டது. இத்தனை வருடம் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போன விஷயம், ஒரு சத்தமும் சண்டையும் இல்லாமல், வீட்டில் இருப்பவர்கள் கையாலேயே எழுதப்பட்டு நிறைவேறிவிட்டது. இதுவும் அட்டை மாதிரிதான், ஆனால் அட்டையைவிட உசத்தி. அட்டையைப் படிக்காமல் போகலாம். இதைப் படிக்காமல் எங்கே போவது?

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. செருப்பை வரிசையா விடு. சாப்பிட்ட தட்டை அப்பவே கழுவு. குழாயை இறுக்கி மூடு. ஊசியைத் தரையில போடாதே. மகள் நண்பர்களோடு சுற்றிவிட்டு நேரம் கழித்து வந்த மறுநாள், சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வா. பாதுகாப்புக்காக அடிக்கடி மாற்ற வேண்டும் என்பதும் அவர் படித்ததிலேயே இருந்தது, ஆகவே வீட்டில் குறைகள் தீரும் வேகத்தைவிடச் சாவிகள் வேகமாக மாறின. வெளியில் பார்த்தால் சாதுவான மனிதர், சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டும் என்றால்கூடக் கண்ணால்தான் கேட்பார். வைஃபையைத் திறந்தால் மட்டும் திட்டு விழும்.

இப்படியே போயிருந்தால் நமக்கு இந்தக் கதை கிடைத்திருக்காது. மனைவியின் தம்பி வந்தார். ஒரு வேலையாக வந்தவர், வேலை முடிந்த பிறகும், அக்கா வீடுதானே என்று கொஞ்சம் தங்கினார். சோபா முழுவதும் அவர் படுக்கையாயிற்று. காலையில் செய்தி பார்க்கலாம் என்று இன்ஸ்பெக்டர் வந்தால், அங்கே கால் நீட்டியிருக்கும். இன்ஸ்பெக்டர் மச்சானிடம் ஒன்றும் சொல்லவில்லை, அன்பாகவே சிரித்தார். சாவியை மாற்றிவிட்டு வேலைக்குப் போனார்.

அங்கேதான் தப்பு நடந்தது. அவர் எங்கோ ஒரு கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் இருந்தபோது வீட்டிலிருந்து போன் வந்தது. அந்தக் கட்டடத்தில் சிக்னல் இருந்தது, அது அவருடைய துரதிர்ஷ்டம். வைஃபை நின்றுவிட்டது, தம்பி ஓர் அவசர மெயில் அனுப்ப வேண்டும், புது பாஸ்வேர்டைச் சொல்லுங்கள் என்றாள் மனைவி, மாடிப்படியில் நின்றுகொண்டு. சாயங்காலம் வந்து போட்டுத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். அவசரம் என்றாள். சரி, நீ மட்டும் தனியாக வா, சொல்கிறேன் என்றார். ஸ்பீக்கரில் போட்டிருக்கேன், சொல்லுங்க, தம்பிதான் தட்டுறான் என்றாள். வேறு வழி இல்லை. பின்னால் மோட்டார் இரைய, நம்முடையவர் எழுத்தெழுத்தாகச் சொல்லி முடித்தார்: "வந்தவங்க சீக்கிரம் கிளம்பணும்."

மச்சான் மெயிலை அனுப்பினார். பிறகு பெட்டியைக் கட்டினார். மாலையில் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தபோது சோபா காலியாக இருந்தது, மனைவி அதன் உறையைக் கழற்றித் துவைக்கப் போட்டிருந்தாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. பாதுகாப்பு விஷயத்தில் இப்படிச் சில சங்கடங்கள் வரத்தான் செய்யும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார், ஆனால் அன்றைக்குச் செய்தி பார்க்க சோபாவில் உட்காரவில்லை, நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு விசேஷமான அமைதி. சாவியை மாற்றினால் முன்பெல்லாம் முணுமுணுப்பு கேட்கும், இப்போது இல்லை. மேஜையில் உட்கார்ந்து அவர் புதுச் சாவியைச் சொல்லச் சொல்ல, மனைவி சரி என்பாள், மகள் சரி என்பாள், இருவரும் சாப்பாட்டைத் தொடர்வார்கள். கையில் போனைக்கூட எடுக்க மாட்டார்கள். காதால் கேட்டே மனப்பாடம் செய்கிறார்கள் என்று அவர் பெருமைப்பட்டார். வீடு பழகிவிட்டது என்று அலுவலகத்தில் ஒருவரிடம் சொன்னார். கேட்டவரும் தலையாட்டினார்.

இந்தச் சமயத்தில்தான் மகளுக்கு வேலை கிடைத்தது. நல்ல வேலை, தூரத்து ஊரில். சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் இன்ஸ்பெக்டருக்குப் பயம் வந்தது. அங்கே அறைக்கதவு எப்படியோ, அந்தக் கட்டடத்து லிப்ட் எப்படியோ, இரவில் யார் துணையோ. பயம் என்று சொல்லத் தெரிந்தால் அவர் ஏன் சாவிக்காரர் ஆகிறார்? சாப்பாட்டு மேஜையில் மகள் ஊரைப் பற்றி ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் வாய் திறந்தார். அபூர்வமாகத் திறக்கும் வாய், திறந்த அன்றைக்குச் சரியாகத் திறந்ததா?

"இங்க இருந்தே ஒண்ணும் கிழிக்கல. அங்க போய் என்ன கிழிக்கப் போற?" என்றார்.

மகள் தட்டைப் பார்த்தாள். சாப்பிட்ட தட்டை எடுத்துப் போய் அப்பவே கழுவினாள். அறைக்குள் போனாள். அதன் பிறகு அவரோடு பேசவில்லை. கேட்டதற்குப் பதில் வந்தது, அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. பெட்டிகள் ஒவ்வொன்றாக நிரம்பத் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமை காலை ரயில்.

சொன்னது தப்பு என்று அவருக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. நாக்கை வெட்டிப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் மகளின் அறைக்கதவைத் தட்டி, உள்ளே போய், உட்கார்ந்து, ஒரு வார்த்தை சொல்வதென்பது அவரால் ஆகிற காரியமா? கதவுவரை போனார். கீல் எண்ணெய் இல்லாமல் கிறீச்சிடுவதைக் கவனித்தார். எண்ணெய் போட்டுவிட்டுத் திரும்பினார். பிறகு, வேறென்ன செய்வார், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். முதல் தடவையாக, உத்தரவு இல்லாத ஒரு சாவியை எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார்.

"அப்பா சொன்னது தப்பு, நீ நல்லா வருவே."

அதை ஆங்கில எழுத்தாக்கி, இடைவெளியை எடுத்துவிட்டு, சேமித்தார். மேஜையில் அறிவிக்கவில்லை, அறிவிக்க முடியாது. அதனால் என்ன, வைஃபை நின்றுவிடும், மகள் தானாக வந்து கேட்பாள், "அப்பா, பாஸ்வேர்டு என்ன?" என்பாள், பாஸ்வேர்டு இல்லை, சாவி என்று சொல் என்று வழக்கம்போலத் திருத்துவார், பிறகு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிவிடலாம், அவள் தட்டும்போது அவளுக்கே புரிந்துவிடும், யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. திட்டம் என்றால் இது திட்டம். நாற்காலியில் சாய்ந்து காத்திருந்தார்.

யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வேலையிலிருந்து சீக்கிரமாக வந்து, அறைவாசலுக்கு நேராக நாற்காலியைப் போட்டு, கண்ணில் படும்படி உட்கார்ந்தார். மகள் அவரைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் எடுத்துவந்தாள். வைஃபை எப்படி இருக்கிறது என்று மனைவியிடம் நோட்டம் விட்டார். நன்றாக இருக்கிறதே என்றாள். தன்னிடம் சாவி கேட்பதைவிட வைஃபையே இல்லாமல் இருந்துவிடலாம் என்கிற அளவுக்கு மகளுக்குக் கோபம் என்று நினைத்தார். வேலைக்குச் சேரப்போகும் பெண், எத்தனை பேரோடு பேச வேண்டியிருக்கும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு இருக்கிறாளே, அவ்வளவு கோபமா? கண் கலங்கியது. ரௌட்டரைத் துடைக்கும் சாக்கில் துணியை எடுத்துக் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை. மகளின் பெட்டிகள் வாசலுக்கு வந்துவிட்டன. ஒருவேளை ரௌட்டரில்தான் கோளாறோ, பழைய சாவியே வேலை செய்துகொண்டிருக்கிறதோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். லிப்ட் விஷயத்தில் எப்போதும் கடைசியாகச் செய்வதைச் செய்தார். மின்சாரத்தை நிறுத்திப் பார்ப்பது. ரௌட்டரின் வயரைப் பிடுங்கினார். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒரு வீட்டில் வைஃபை நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். உள்ளேயிருந்து ஒரு குரல் கிளம்ப வேண்டும். வயரைக் கையில் பிடித்தபடி அந்தக் குரலுக்காக நின்றார்.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம்தான் வந்தது. மகள் யாருடனோ வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். தையல் மேஜையிலிருந்து மனைவியின் போன் டிங் என்றது. யாரோ ஜன்னல் அளவு அனுப்பியிருந்தார்கள். அவள் பெரிதாக்கிப் பார்த்து, டேப்பை எடுத்தாள். பிறகுதான் வயரும் கையுமாக நின்ற புருஷனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"நாங்க பல் டாக்டரோடதுல இருக்கோம்" என்றாள்.

"எப்ப இருந்து?"

"என் தம்பி போன அன்னைல இருந்து. நானே போய்க் கேட்டேன். அவங்க தாராளமா யூஸ் பண்ணிக்கோங்கன்னாங்க." குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். "ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும். யாரையும் திட்டாத பாஸ்வேர்டு."

இன்ஸ்பெக்டர் அந்தப் பெட்டியைப் பார்த்தார். எல்லாவற்றிலும் புதிய பூட்டு, பெயர்கூடத் தெரியாத நெட்வொர்க், வாரம் தவறாமல் மாற்றிய சாவி, அத்தனை கட்டுக்காவலுக்கும் உள்ளே இவ்வளவு நாளாக இருந்தது அவர் ஒருவர் மட்டும். திருடன் நுழையவில்லை என்பது உண்மைதான். வீட்டுக்காரர்களும் நுழையவில்லை. டாக்டர்மேல் கோபம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தார், வரவில்லை. மகள் கோபத்தில் வைஃபையை விடவில்லை என்று ஓர் ஆறுதல். அவள் அந்த வாக்கியத்தை இன்னும் பார்க்கவே இல்லை என்று அதைவிடப் பெரிய பதைப்பு. விடிந்தால் ரயில்.

வயரைத் திரும்பச் செருகினார். விளக்குகள் சிவப்பிலிருந்து பச்சைக்கு வரும்வரை நின்றார். பிறகு நேராகப் போய் மகளின் அறைக்கதவைத் தட்டினார். எண்ணெய் போட்ட கதவு சத்தமில்லாமல் திறந்தது.

"போனை எடு" என்றார். "நம்ம வீட்டு சாவி சொல்றேன், போட்டுக்கோ."

மகள் வீடியோவை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நாளைக்குப் போறேன்ப்பா. இப்ப எதுக்கு?"

"ஒரு நாள்னாலும் நம்ம வீட்டுதுல இரு."

அவள் என்ன நினைத்தாளோ, போனை எடுத்தாள். "இங்கே வராதே" என்று நெட்வொர்க் பெயரைத் தட்டினாள். சொல்லுங்கள் என்றாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு ஆரம்பித்தார். எல்லாம் சின்ன எழுத்து, நடுவில் இடம் விடாதே என்றார். முதல் எழுத்து, இரண்டாவது எழுத்து. அப்பா என்பது முடிந்தது. சொன்னது என்பது முடிந்தது. மூன்றாவது சொல் பாதியில் வரும்போது அவள் விரல் தட்டும் ஓசை நின்றதுபோல் இருந்தது. அவர் திரும்பவில்லை. "அப்புறம்?" என்றாள். மெதுவாகக் கடைசி எழுத்துவரை சொல்லி முடித்தார்.

"சேரலைப்பா" என்றாள் மகள். "மறுபடி சொல்லுங்க."

மறுபடி சொன்னார். அதற்குள் கூடத்தில் தையல் மெஷின் ஓசை நின்றுவிட்டது. மறுபடியும் சேரவில்லை என்றாள். ஒழுங்காகத் தட்டினாயா என்றார். ஒழுங்காகத்தான் தட்டினேன், எழுத்து எழுத்தாகச் சொன்னால் குழம்புகிறது, மொத்தமாகச் சொல்லுங்கள் என்றாள். இன்ஸ்பெக்டருக்கு வியர்த்தது. தவிப்பில் கோபம் வந்தது. ஜன்னலை விட்டுத் திரும்பி, இத்தனை நாள் திட்ட வேண்டியதையெல்லாம் திட்டாமல் சேர்த்து வைத்திருந்த குரலில் சத்தம் போட்டார்.

"அப்பா சொன்னது தப்பு, நீ நல்லா வருவே. இதுதான். இதுல குழப்பம் என்ன இருக்கு?"

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த போனை அவள் பார்க்கவே இல்லை.

"இப்ப சேர்ந்துடுச்சுப்பா" என்றாள்.

முதல் தடவையே சேர்ந்துவிட்டதா, மூன்றாம் தடவைதான் சேர்ந்ததா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. ரௌட்டரின் உள்பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். அவர் பார்க்கவில்லை. மறுநாள் ரயிலடியில், அந்தக் கட்டடத்து லிப்டில் ஏறும்போது கதவு இடைவெளி விடாமல் மூடுகிறதா என்று பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார். பார்த்துக்கொள்கிறேன் என்று மகள் அவர் கையைப் பிடித்தாள்.

அதற்குப் பிறகு நம்முடையவர் சாவியை மாற்றவே இல்லை. அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற விதியை யாராவது நினைவுபடுத்தினால் கேட்காததுபோல் இருப்பார். விருந்தாளி கேட்டால் இன்னமும் போனை வாங்கி, முதுகைக் காட்டி நின்று, தானே தட்டித்தான் கொடுக்கிறார். காரணம் மட்டும் பாதுகாப்பு இல்லை. மகள் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் அவள் போன் எதையும் கேட்காமல் வாசலிலேயே சேர்ந்துகொள்கிறது. மனைவி இன்னும் பல் டாக்டருடையதில்தான் இருக்கிறாள். அவள் தம்பி விஷயத்தில் ஒரு சாவி பாக்கி இருக்கிறது, அது வந்தால் யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். இன்ஸ்பெக்டர் வாக்கியம் தேடிக்கொண்டிருக்கிறார்.

நல்லவேளை, நம் வீட்டில் இப்படி யாரும் இல்லை என்று சிரிக்கிறீர்களா? இருக்கட்டும். உங்கள் வீட்டுச் சாவி என்ன என்று நான் கேட்கப் போவதில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டீர்கள், போனைக் கொடு என்பீர்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். எல்லோரும் வீட்டில் இருக்கும் ஒரு மாலையில், யாருக்கும் சொல்லாமல், ஷெல்ப் மேல் இருக்கும் அந்தப் பெட்டியின் வயரை மெல்லப் பிடுங்குங்கள். கையில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். உள்ளேயிருந்து யாராவது கத்தினால் கவலை இல்லை, செருகிவிட்டு வந்து உட்காருங்கள். யாருமே கத்தவில்லை என்றால், பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.